மஞ்சள் நாற்காலி எங்கே?

காலி நாற்காலிக்கு எங்கள் பிட்ஸ்பர்க் தருகிற மரியாதையை மேயருக்குக்கூடத் தருவதில்லை. பனி கொட்டியதும் வீட்டு முன்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்கு வாரி எடுத்து, அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டால் போதும். அந்த இடம் உங்களுடையது. சட்டப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் சட்டத்தை மீறினால் போலீஸ்தான் வரும், நாற்காலியை நகர்த்தினால் தெருவே வரும்.

அந்த வெள்ளிக்கிழமை கிளாப்பர் தெரு மேட்டில் ஏறியபோது கார் நிறுத்த இடமே இல்லை. இருந்த இடத்திலெல்லாம் நாற்காலிகள்தான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன.

"பாஸ், அந்தச் சிவப்பு நாற்காலிய மட்டும் மெதுவா ஓரமா வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"கஸ், நாம இங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"நாற்காலிய நகர்த்தினதுக்காக ஒடைச்ச காரைப் பார்க்க."

"அப்ப?"

"கீழ சர்ச் கிட்டயே நிறுத்திடறேன்."

பாஸ் என்றால் ஒலிம்பியா டமிக்கோ. இருபது வருடம் போக்குவரத்துப் போலீஸில் இருந்துவிட்டு, இப்போது காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் துப்பறிகிறார். நான் கஸ் நோவாட்னி, உதவியாளன். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, முட்டாள்தனமாகக் கேள்வி கேட்டு அவரைப் புத்திசாலியாகக் காட்டுவது, இவைதான் என் வேலை. மூன்றாவது வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வழுக்குகிற மேட்டில் நாங்கள் தத்தித் தத்தி ஏறும்போதே ஃபென்விக் போனில் கூப்பிட்டார். ஓல்ட் ஃபெர்ரி காப்பீட்டுக் கம்பெனியின் மேனேஜர். ஒலிம்பியா போனை என் காதுக்கும் கேட்கிற மாதிரி பிடித்தார்.

"மிஸ் டமிக்கோ, இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல. அந்தப் பொண்ணு நாற்காலிய நகர்த்தியிருக்கா, அக்கம்பக்கத்துல யாரோ கடுப்புல காரை ஒடைச்சுட்டாங்க. இன்னொரு வண்டி மோதியிருந்தா நாங்க கொடுக்கணும். யாராவது வேணும்னே ஒடைச்சிருந்தா அவ பாலிசில அதுக்கு இடமே இல்ல. வேணும்னே ஒடைச்சதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க."

"கார் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு எழுதறேனே சார்?"

"எப்படி இருந்தா என்ன?"

"அதையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

காரின் சொந்தக்காரி மரிசோல் ஒர்ட்டேகா எங்களுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். போன கோடையில்தான் டூசான் பாலைவனத்திலிருந்து வந்தவள். இரண்டு கோட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டியும் நடுங்கிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கார் இல்லாமல் ஒரு வாரமாக பஸ்ஸிலும் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்த வண்டிகளிலும் ஓடியிருக்கிறாள்.

"திங்கட்கிழமை காரோட வரலேன்னா என்னோட ஆளுங்கள வேற ஒருத்திக்குக் கொடுத்துடுவாங்களாம். அதுக்கப்புறம் எனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு, மேடம்?" என்றாள்.

நீல நிறக் கார். ஓட்டுநர் பக்கக் கதவு உள்ளே போயிருந்தது, கண்ணாடி இல்லை. கதவின் நடுவில் ஒரு குழி. நல்ல உருண்டை, நல்ல ஆழம். என் முஷ்டியை வைத்துப் பார்த்தேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"யாரு குத்தியிருந்தாலும் என் கை அளவுதான் பாஸ்."

"சந்தோஷம். உன்னையும் சந்தேகப் பட்டியல்ல சேர்த்துக்கறேன்."

வைப்பரில் செருகியிருந்த அட்டைத் துண்டை மரிசோல் நீட்டினாள். பெரிய எழுத்தில் ஒரே வரி: 'இனி அடுத்தவர் நாற்காலியைத் தொடாதே.'

"நான் தொடவே இல்ல மேடம்! போன வாரம் வியாழக்கிழமை ராத்திரி வேலை முடிஞ்சு வர்றேன், இங்க நாற்காலியே கிடையாது. காலியா இருந்தது, நிறுத்தினேன். எனக்குப் பனிதான் தெரியாது, நாற்காலி கூடவா தெரியாது? ஆனா தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. காரும் போச்சு, நாற்காலித் திருடின்னு பேரும் வந்தாச்சு."

"ஒருத்தர் கூடவா நம்பல?"

"எதிர்வீட்டு மிஸ்டர் ரே ஸ்டப்கா மட்டும் அன்பா இருக்கார். பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜெண்டும் அவர்தான். ஒரு வாரமா தினமும் முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸ் கொண்டுவந்து கொடுக்கறார். பாவம், அவருக்கும் வருத்தம். 'வேணும்னே ஒடைக்கறதுக்கெல்லாம் எதுக்குத் தனியா காசு கட்டறே? எங்க தெருவுல உன் காரை யாரு தொடப் போறா'ன்னு பாலிசி போடும்போது அவர்தானே சொன்னார்."

"தினமுமா?" என்றார் ஒலிம்பியா.

"தினமும். ரெண்டு பேர் சாப்பிடற அளவுக்கு."

ஒலிம்பியா எதிர்வீட்டைப் பார்த்தார். தெரு அந்த இடத்தில் ஒடுக்கம். ஸ்டப்கா வீட்டுக் கார் கொட்டகையின் கதவு, உடைந்த கார் நிற்கிற இடத்தை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வண்டி இல்லை. நான் அதையும் ஒரு போட்டோ எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நாற்காலியின் சொந்தக்காரி வில்மா ஹுடாக், பக்கத்து வீட்டில் இரண்டாவது மாடி. எழுபத்தெட்டு வயது. வாயில் சிகரெட். சுவர் முழுக்கப் பந்து உருட்டும் போட்டிகளில் ஜெயித்த கோப்பைகள். அலமாரியில் கறுப்பாக, கனமாக, உருண்டையாக ஒரு பந்து. எனக்கு உடனே கதவுக் குழி ஞாபகம் வந்தது.

நாங்கள் உட்காரக்கூட இல்லை. "நான்தான் ஒடைச்சேன்," என்றார் வில்மா.

எனக்குத் தெரிந்து எங்கள் தொழிலில் கேள்வி கேட்கும் முன்பே பதில் வந்தது இதுதான் முதல் தடவை.

"எதாலம்மா ஒடைச்சீங்க?" என்று ஒலிம்பியா கேட்டார்.

"இந்தப் பந்தாலதான். இந்தக் கை இருக்கே, இது ஊர் சாம்பியன் கை. என் நாற்காலிய நகர்த்தினா சும்மா விடுவேனா? அதோட போச்சா, நாற்காலியையே தூக்கிட்டுப் போயிட்டா அந்தச் சிறுக்கி! மஞ்சள் ரெக்சின் போட்டது. என் வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடி சிகரெட்டால ஒரு ஓட்டை போட்டு வெச்ச நாற்காலி. அவரு ஞாபகமா எனக்கு மிச்சம் அந்த ஓட்டைதான்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. சிகரெட்டை ஆழமாக இழுத்துச் சமாளித்துக்கொண்டார்.

ஒலிம்பியாவின் போன் மறுபடி அடித்தது. ஃபென்விக்தான். வில்மா சொன்னதை ஒலிம்பியா மறைக்கவில்லை. மேனேஜர் போனிலேயே ஒரு துள்ளுத் துள்ளியது எனக்குக் கேட்டது.

"ஒப்புக்கிட்டாங்களா? அப்புறம் என்ன! அந்த ஒரு வரிய எழுதுங்க, வீட்டுக்குப் போங்க!"

"இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி சார்," என்று போனை வைத்துவிட்டு, ஒலிம்பியா வில்மாவின் பக்கம் திரும்பினார். "பந்து எங்கம்மா பட்டது?"

"எங்க படும்? முன் விளக்குல! சில்லு சில்லா தெறிச்சுது!"

நான் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தேன். நீலக் காரின் இரண்டு முன் விளக்குகளும் முழுசாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தன.

"அம்மா," என்றார் ஒலிம்பியா, மெதுவாக. "பனி விழுந்ததுல இருந்து நீங்க படியே இறங்கல, இல்ல?"

வில்மா முறைத்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "வழுக்குதே! எலும்பு ஒடைஞ்சா யாரு பார்ப்பா?"

"அப்ப ஏன் செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றீங்க?"

"ஏன் சொல்லக் கூடாது? ஒரு வாரமா தெருவே என்னை ஜன்னல்ல பார்த்துக் கையசைக்குது. 'வில்மா, உன் கை இன்னும் போகலடி'ன்னு கத்தறாங்க. கறிக்கடைக்காரன் எலும்ப இனாமா அனுப்பறான். பத்து வருஷமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஜனங்கம்மா! வந்த பேரை வேணாம்னா சொல்வாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. ஆனால் இந்தப் பேருக்கு விலை கொடுப்பது மரிசோல் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

"பந்துதான் ஒடைச்சதுன்னு முதல்ல யாரு சொன்னா?" என்று ஒலிம்பியா கேட்டார்.

"ரே தான். குழி உருண்டையா இருக்காம். 'வில்மா, உன் வேலைதானே, கவலைப்படாதே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னான். சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுடுச்சு."

"சரி. உங்க கார் எது? நான் பார்க்கலையே?"

"எனக்கேதும்மா கார்? கண்ணு மங்குதுன்னு வித்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப நாற்காலி?"

"அது என் இடம்! கார் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நாற்காலி போட்டா போட்டதுதான்." வில்மாவுக்கு மூக்கு விடைத்தது. "ரே தங்கமான பையன். ஒவ்வொரு தடவை பனி விழும்போதும் தன் வாசலை வாரறதுக்கு முன்னாடி என் இடத்தை வாரி, நாற்காலியையும் அவனே கொண்டுபோய்ப் போடுவான். பெத்த பிள்ளைகூடச் செய்யாது."

ஒலிம்பியா எழுந்துவிட்டார். படி இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "கஸ், கார் இல்லாத பொம்பளைக்கு ஒருத்தன் எதுக்கு ரெண்டு வருஷமா இடம் வாரிக் கொடுக்கறான்?"

"நல்ல மனசு பாஸ்."

"ஒடைஞ்ச காரோட சொந்தக்காரிக்கு எதுக்கு தினமும் சோறு கொண்டுபோறான்?"

"ரொம்ப நல்ல மனசு பாஸ்."

"சோழியன் குடுமி சும்மா ஆடுமா, கஸ்?"

"அது ஆடாது. ஆனா எனக்குப் பசில குடலே ஆடுது. கீழ சர்ச்சுல மீன் வாசனை வருது."

"வா. வெள்ளிக்கிழமைன்னா தெருவே அங்கதான், ரே ஸ்டப்காவும் இருப்பார்."

தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் கறி கிடையாது. அதற்கு ஈடாக ஒவ்வொரு சர்ச்சின் நிலவறையிலும் மீன் பொரிப்பார்கள். புனித லுட்மிலா சர்ச்சில் அன்று நல்ல கூட்டம். வாசலிலேயே ஒரு கறுப்பு டிரக் நின்றது. அதன் பின்பக்கம் 'வெள்ளிதோறும் மீன் விருந்து' என்று ஒரு நீளமான துணி, கொசுவம் வைத்துக் கட்டிய மாதிரி தரை வரைக்கும் தொங்கியது.

"இந்தத் துணிய எல்லா வருஷமும் சர்ச் கம்பிலதானே கட்டுவாங்க?" என்றேன்.

"பரவால்லையே கஸ், பசியிலகூட உனக்குக் கண்ணு தெரியுது," என்றார் ஒலிம்பியா.

உள்ளே ரே ஸ்டப்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மீன் ரொட்டிகளை நீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ரோஜா நிறக் கன்னம், எல்லோருக்கும் ஒரே அளவு புன்னகை. அவர் முகத்தை ஊருக்கே தெரியும். பஸ் நிறுத்த பெஞ்சுகளில் அவர் படத்தோடு விளம்பரம் இருக்கும்: 'இருபத்தைந்து வருடம் ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை. உங்கள் காரையும் என்னை நம்பி விடுங்கள்.'

நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ரொட்டிக்கு இரண்டு பக்கமும் மீன் நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் கடிப்பது என்று யோசிப்பதற்குள் ஒலிம்பியா ரேயிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார்.

"நல்ல கூட்டம் சார். இத்தனை பேருக்கு நாற்காலி எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க மேடம், சர்ச் நாற்காலி எங்க பத்துது? போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் என் டிரக்க எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா சுத்தி நானே சேர்த்துக் கொண்டாந்தேன். தவக்காலம் முடியற வரைக்கும் இங்கதான் இருக்கும்."

"பெரிய உபகாரம். மரிசோல் விஷயமாத்தான் வந்தேன்."

புன்னகை ஒரு அங்குலம் சுருங்கியது. "பாவம் மேடம் அந்தப் பொண்ணு. ஆனா வில்மாவையும் குத்தம் சொல்ல முடியாது. நாற்காலின்னா நாற்காலிதான்."

"மரிசோல் நாற்காலிய எடுக்கவே இல்லைங்கறாளே?"

"எடுத்தா மேடம். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வியாழக்கிழமை ராத்திரி என் வீட்டு ஜன்னல்ல நிக்கறேன். கார்லேர்ந்து இறங்கினா, மஞ்சள் நாற்காலியத் தூக்கிப் பனிமேட்டுல வீசினா, கார நிறுத்தினா. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"வியாழன் ராத்திரி. நிச்சயமா?"

"பைபிள் மேல கைய வெச்சுச் சொல்றேன்."

"அவ்வளவு தூரம் வேணாம்," என்றார் ஒலிம்பியா. "கஸ், எழுந்திரு."

"பாஸ், இன்னும் பாதி மீன்..."

"எழுந்திருடா!"

எழுந்தேன். அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்ததிலிருந்து தொடையில் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் ரெக்சின். நடுவில் ஒரு சிகரெட் ஓட்டை. துப்பறியப் போன இடத்தில் ஆதாரத்தின் மேலேயே உட்கார்ந்து மீன் தின்ற ஒரே உதவியாளன் நானாகத்தான் இருப்பேன்.

"மிஸ்டர் ஸ்டப்கா," ஒலிம்பியா குரலை உயர்த்தவே இல்லை. "வியாழக்கிழமை சாயங்காலமே உங்க டிரக்குல ஏறி இங்க வந்துட்ட நாற்காலிய, வியாழக்கிழமை ராத்திரி மரிசோல் எப்படித் தூக்கி வீசினா?"

வரிசையில் நின்ற கிளாப்பர் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மஞ்சள் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு ரேயைப் பார்த்தார்கள்.

"வெளிய வாங்க. அந்தத் துணிய நீங்களே தூக்கறீங்களா, இல்ல கஸ் தூக்கட்டுமா?"

நான்தான் தூக்கினேன். டிரக்கின் பின்னால் இழுவை வண்டி மாட்டுகிற இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருந்தது. முஷ்டி அளவு. அதன் மேல் நீலப் பெயிண்ட். பக்கத்தில் பம்பரிலும் ஒரு நீளமான நீலக் கீறல்.

ரே பனியில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"என் கொட்டகையிலேர்ந்து டிரக்க வெளிய எடுக்கணும்னா எதிர்ல காலியா இடம் வேணும் மேடம். தெரு அவ்வளவு ஒடுக்கம். எதிர்ப்பக்கம் அடுத்தவங்க வாசல்ல இருக்கற இடத்துக்கு நான் நாற்காலி போட முடியுமா? சிரிப்பாங்களே. அதான் வில்மா நாற்காலி. பின்னால வரும்போது கண்ணாடில மஞ்சளா தெரியும், தெரிஞ்சதும் பிரேக் போடுவேன். ரெண்டு வருஷமா அதான் பழக்கம். அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி மீன் எடுக்கக் கிளம்பினேன். கார் மேல முழுக்கப் பனி, வெள்ளையோட வெள்ளையா நின்னுது. மஞ்சள் தெரியல. இன்னும் இடம் இருக்குன்னு வந்தேன்."

"நாற்காலிய எடுத்ததே நீங்கதானே?"

"மறந்து போச்சு மேடம்!" என்றார் ரே, அழாத குறையாக. "இருபத்தஞ்சு வருஷம் ஒரு கீறல் இல்லேன்னு பெஞ்சு பெஞ்சா எழுதி வெச்சிருக்கேன். நான் பாலிசி போட்ட காரை நானே இடிச்சேன்னு தெரிஞ்சா எவன் என்கிட்ட வருவான்? அதான் அந்த அட்டைய எழுதி வெச்சேன். அவ பாலிசில அதுக்கு இடம் இல்லேங்கறது அப்புறம்தான் உறைச்சுது. நான்தானே வேணாம்னு சொன்னவன். ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல."

"அதான் எல்லாத்தையும் அவளுக்குக் கொடுத்துட்டீங்களாக்கும்," என்றேன். அந்த ஆளின் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு தட்டு நூடுல்ஸைக் கொடுத்துவிட்டு ஒரு பெண்ணின் பிழைப்பையே பிடுங்கப் பார்த்திருக்கிறார்.

ஒலிம்பியா ஃபென்விக்கைக் கூப்பிட்டார். "சார், நீங்க கேட்ட ஒரு வரி ரெடி. 'வண்டி மோதியது.' மோதினது யாருன்னும் தெரிஞ்சாச்சு, இடிச்சவரோட பாலிசியே மொத்தமும் கொடுக்கணும். கார் ரெடியாகற வரைக்கும் வாடகைக் காரும் சேர்த்து."

"அப்பாடா!" என்றது போன். "அப்ப நம்ம தலைல விடியல. அந்த ஆளு எந்தக் கம்பெனி?"

"ஓல்ட் ஃபெர்ரி சார். உங்க ஏஜெண்ட்தான்."

அதற்குப் பிறகு போனிலிருந்து வந்ததை இங்கே எழுதினால் புத்தகத்தை வீட்டில் வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை புதுசாகப் பனி விழுந்தது. மரிசோலிடம் கையெழுத்து வாங்க நாங்கள் போனபோது, ரே ஸ்டப்கா வில்மாவின் இடத்தை மூச்சிரைக்க வாரி முடித்திருந்தார். மேலே ஜன்னலில் வில்மா மேற்பார்வை. நீலக் கார் பட்டறைக்குப் போய்விட்டிருந்தது; இடத்தின் நடுவில் மஞ்சள் நாற்காலி.

மரிசோல் வெள்ளை வாடகைக் காரில் வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். நிறுத்தாமல் மேட்டைத் தாண்டிப் போனாள். தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தாள், மறுபடி போனாள். நிறுத்த வேறு இடமே இல்லை. விடிந்தால் திங்கட்கிழமை. கார் இருந்தும் அவளுக்கு அதை நிறுத்த வழியில்லை.

"நான் வேணா அந்த நாற்காலிய..." என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். தெருவில் இருந்த அத்தனை திரைச்சீலைகளும் ஒன்றாக அசைந்தன. எடுத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அவள் அடுத்த தடவை வந்தபோது வில்மாவின் ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏண்டி, எத்தனை தடவைதான் சுத்துவே? நாற்காலிய எடுத்துட்டு நிறுத்துடி!"

மரிசோல் கண்ணாடியை இறக்கினாள். முகம் வெளிறியிருந்தது. "நான் தொட மாட்டேன்மா. பட்டதே போதும்."

"அது உனக்குப் போட்டதுடி, பைத்தியம்! எனக்கு ஏது கார்?"

மரிசோல் மேலே பார்த்தாள். எதிரே மண்வெட்டியோடு நின்ற ஏஜெண்டைப் பார்த்தாள். காப்பீட்டில் அடிபட்டவள் அல்லவா, குரல் தெளிவாக வந்தது:

"எழுதிக் கொடுப்பீங்களா?"

ஜன்னல் மூடியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது. பனி விழுந்ததிலிருந்து படி இறங்காத வில்மா ஹுடாக், ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாக, ஒவ்வொரு படிக்கும் ரேயைத் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சாம்பியன் கையால் மஞ்சள் நாற்காலியைத் தூக்கிப் பனிமேட்டில் வீசினார்.

"எழுதியாச்சு," என்றார். "வந்து நிறுத்து."